கேம்ப் மேட்டில் முனிரத்தினம் தோண்டியது

புதையல் எடுத்தவன் இப்படியா போவான், நீங்களே சொல்லுங்க. குதிகால் தேய்ந்து ஓட்டை விழுந்த செருப்பு. தோளில் கம்பெனி பேர் தைத்த செக்யூரிட்டி சட்டை. கையில் ஒரு மண்வெட்டி. முனிரத்தினம் வீட்டை விட்டுப் போன கோலம் இதுதான். பட்டப்பகலில் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போனான், தெருவே பார்த்தது. கண் ஒன்றைப் பார்த்தது, வாய் வேறொன்றைப் பேசுகிறது.

ரேஷன் கடை வரிசையில் மெர்சிதான் ஆரம்பித்தாள்.

"வெள்ளிப் பெட்டிக்கா. மிலிட்டரிக்காரன் பொதைச்சிட்டுப் போனது. எடுத்துக்கினு போயி தண்டலத்துல எவகூடவோ கீறானாம்."

"நீ பாத்தியாடி?" என்று கிளியம்மாள் கேட்டாள்.

"பாத்தவங்க சொன்னாங்க."

"பாத்தவங்களுக்குப் பேரு இல்லியா?"

"இன்னாக்கா நீ, போலீசு மாரி கேக்குற. மூணு மாசமா ஆளு வூட்டாண்ட வரல. அறுவது வயசாவப்போற காலத்துல பொண்டாட்டிய வுட்டுட்டுப் போறவன் சும்மாவா போவான்? புள்ள வேற வாராவாரம் பையத் தூக்கிக்கினு போறான். பங்கு வாங்கத்தானே?"

பையில் போவது துவைத்த துணியும் டிபன் பாக்ஸும். மெர்சி கெட்டவள் இல்லை. முனிரத்தினம் பெண்டாட்டி கனகம் காய்ச்சலில் படுத்த பத்து நாளும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். வாய் மட்டும் சும்மா இருக்காது. ஆனால் இந்த விஷயத்தில் அந்த வாய் செய்த காரியம் அவளுக்கே தெரியாது. தெரிந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. இத்தனை நாள் இதை யாரும் வெளியே விடவில்லை, கனகம் சொல்லக்கூடாது என்றிருந்தாள். இப்போது அவளே, "கம்முனு வுட்டா இன்னும் பேசுவாளுங்க, சொல்லிடு" என்றுவிட்டாள். அதனால் கேளுங்க.

வல்லக்கோட்டையிலிருந்து சேரப்பணஞ்சேரி போகிற பக்கம், ஏரிக்கரையை ஒட்டிக் கேம்ப் மேடு இருந்தது. இருந்தது என்றுதான் இனிமேல் சொல்லவேண்டும். அந்தக் காலத்துப் பெரிய யுத்தத்தில், ஜப்பான்காரன் கடல் வழியாக மெட்ராசுக்குள் இறங்கிவிடுவான் என்று பயந்து பட்டாளத்தைக் கொண்டுவந்து அங்கே வைத்தார்களாம். ஆறு மாசத்துக்கு என்று சொல்லிக் கொட்டகை போட்டார்கள். பீப்பாயை நெடுக்கில் பிளந்து கவிழ்த்த மாதிரி தகரக் கொட்டகை, அடியில் சிமெண்டுத் தளம். நாலு வரிசை, வரிசைக்கு ஏழு. யுத்தம் முடிந்தது, பட்டாளம் போனது, தகரம் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குள் வந்தது. மாட்டுக்கொட்டகைக்கோ குளிக்கிற மறைப்புக்கோ அந்த வளைந்த தகரம் போடாத வீடு நம்ம ஊரில் கிடையாது. அதை நிமிர்த்தப் பார்த்தவர்கள் எல்லாரும் கை வலிதான் கண்டார்கள். தளம் மட்டும் எவனாலும் தூக்க முடியாமல் அங்கேயே கிடந்தது. இருபத்தெட்டும் ஒரே அளவு. இரும்பு வளைவு நட்டிருந்த குழிகூட ஒன்றுபோல இருக்கும். அறுப்புக் காலத்தில் அதில்தான் நெல் காயும், வேர்க்கடலை காயும். கம்பெனிகள் வந்து கழனி போன பிறகு காயப்போட ஒன்றுமில்லை, சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. உள்ளே நுழைந்தால் எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்று உள்ளூர்க்காரனுக்கே தெரியாது.

பட்டாளம் அவசரமாகக் கிளம்பினதால் எதையோ புதைத்துவிட்டுப் போய்விட்டது என்று ஒரு பேச்சு பாட்டன் காலத்திலிருந்தே உண்டு. சிலர் துப்பாக்கி என்பார்கள், சிலர் வெள்ளி என்பார்கள். எவரும் தோண்டிப் பார்த்ததில்லை.

முனிரத்தினத்துக்கும் கனகத்துக்கும் முதலில் பிறந்தது பெண். தொண்ணூற்றாறில், ஐப்பசி மாசம். பதினேழு நாள் இருந்தது. பேர் வைக்கவில்லை, பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு நாள் காலையில் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பாதி வழியிலேயே அடங்கிவிட்டது.

நம்ம வழக்கம் தெரியுமில்லையா. பச்சைக் குழந்தையை எரிக்கமாட்டார்கள், புதைப்பார்கள். அப்பன்தான் தூக்கிக்கொண்டு போவான், பெற்றவள் தெருமுனையைத் தாண்டக்கூடாது. அந்த வாரம் விடாமல் மழை. சுடுகாட்டுக்குப் போகிற வழியில் இடுப்பளவு ஏரித் தண்ணீர். முனிரத்தினம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேம்ப் மேட்டுக்குப் போனான். மேடான இடம், தண்ணீர் ஏறாது என்று நினைத்தான். ஒரு தளத்தின் ஓரமாக முழங்கால் ஆழம் தோண்டி வைத்தான். கையில் போட்டிருந்த கறுப்பு வளையலைக் கழற்ற மனசு வரவில்லை, அதோடேயே வைத்தான். கடைசியாக நின்றிருந்த ஒரே ஒரு பட்டாளத்துக் கொட்டகை அந்த மழைக்குத்தான் சாய்ந்திருந்தது, தகரம் மேடு முழுக்க இறைந்து கிடந்தது. நாய் பிராண்டாமல் இருக்க, அதில் ஒன்றை இழுத்து வந்து மேலே கவிழ்த்து நாலு கல்லைத் தூக்கி வைத்தான்.

எத்தனையாவது வரிசை, எத்தனையாவது தளம் என்று எண்ணவில்லை. எண்ணுகிற நிலைமையா அது. தகரம் இருக்கிறதே, அதுவே அடையாளம் என்று இருந்துவிட்டான்.

மூன்றாம் நாள் பால் ஊற்றப் போனான். மேட்டில் ஒரு தகரம்கூட இல்லை. மழை கொஞ்சம் விட்டதும் ஊர் மொத்தமும் வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. கல்லை உருட்டிவிட்டு அந்தத் தகரத்தையும் எவரோ எடுத்துப் போய்விட்டார்கள். அதன் கீழே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். தண்ணீர் ஓடி ஓடி எல்லாத் தளத்து ஓரத்தையும் ஒன்றாக்கிவிட்டிருந்தது. சொம்பை வைத்துக்கொண்டு இருபத்தெட்டையும் சுற்றினான். கடைசியில் எங்கேயோ நடுவில் நின்று பாலைத் தரையில் ஊற்றிவிட்டு வந்தான்.

"ஊத்திட்டியா?" என்றாள் கனகம்.

"ஊத்திட்டேன்."

அதற்குப் பிறகு எவர் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குள் போனாலும் அவன் தலை தானாக நிமிரும். "இன்னா மாமா, ஓட்ட கீதா?" என்று கேட்பார்கள். "இல்ல, சும்மா" என்பான்.

வருஷம் திரும்பியது. கனகம் பிடிவாதம் பிடித்தாள். "பெத்தவ போவக்கூடாதுன்னு எவன் சொன்னது? எனக்கு எடத்தக் காட்டு. ஒரு வாட்டி பாத்துட்டு வந்துர்றேன்." நாலு நாள் மழுப்பினான். ஐந்தாம் நாள் அவளே சொம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இவன் பின்னாலேயே ஓடினான். மேட்டில் ஏறி நின்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எது?"

தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் சொம்பின் மூடியை எடுத்துவிட்டு, எங்கே ஊற்றுவது என்று காத்து நின்றாள். ரெண்டாவது வரிசையில் மூன்றாவது தளத்து ஓரத்தில் ஒரு வேப்பங்கன்று நின்றது. வளர்ந்தால் நிழல் விழும், இவள் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. "அதோ, அந்த வேப்பங்கன்னாண்ட" என்று கையைக் காட்டினான்.

கன்று மரமானது. ஒவ்வொரு ஐப்பசியிலும் பாலும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் எடுத்துக்கொண்டு போவாள். அடுத்துப் பையன் பிறந்து, லோகேஷ் என்று பேர் வைத்து, நாற்பது நாள் கழித்து அங்கேதான் முதலில் தூக்கிப் போனாள். "பாரு, உந்தம்பி" என்று காட்டினாள். அவன் பாலிடெக்னிக் முடித்ததையும் ஒரகடத்தில் கார் கம்பெனியில் லைன் வேலைக்குச் சேர்ந்ததையும் அங்கே போய்ச் சொன்னாள். பதினெட்டாம் வருஷம் ஒரு பாவாடை தாவணி வாங்கிக்கொண்டு போய் வைத்து, "காலேஜி போற வயசு" என்றாள். முனிரத்தினம் பத்தடி தள்ளி நிற்பான், பீடி பற்றவைத்துக்கொள்வான். அவள் பேசி முடித்து எழுந்து வரும்போது முகம் கழுவின மாதிரி இருக்கும். அதைப் பார்த்ததும் இந்த வருஷமும் போகட்டும் என்று விட்டுவிடுவான். இப்படியே இருபத்தேழு ஐப்பசி.

போன கார்த்திகையில் கேம்ப் மேட்டில் கல் நட்டார்கள். தளத்தைப் பெயர்த்து, மேட்டை வழித்து, ஏதோ கம்பெனிக்குக் குடோன் கட்டப்போகிறார்களாம், மாசி பிறந்ததும் மிஷின் வரும் என்று பஞ்சாயத்தில் சொன்னார்கள். கனகம் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"பாப்பாவ எடுத்துக்கினு வந்துரு. சுடுகாட்டுல உங்கம்மா பக்கத்துல வச்சிரலாம்."

"இருவத்தேழு வருசம் ஆச்சு கனகம். இன்னா இருக்கும், மண்ணாப் போயிருக்கும்."

"வளையலு மண்ணாப் போவுமா? அது ஒண்ணு கெடைச்சாப் போதும்."

லீவு கிடைக்கவில்லை என்றான். ஷிப்ட் மாற்றிவிட்டார்கள் என்றான். பொங்கல் போகட்டும் என்றான். பொங்கலும் போனது. நாலாம் நாள் காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் மண்வெட்டியும் கூடையும் இருக்கின்றன. கனகம் மஞ்சளில் நனைத்துக் காயவைத்த புதுத் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறாள்.

வேப்பமரத்தடியில் அவன் வெட்டினான், அவள் மண்ணை அள்ளிக் கொட்டினாள். முழங்கால் ஆழம் வந்தது. ஒன்றுமில்லை. இன்னும் அரையடி போனான். கனகம் குழிக்குள் இறங்கி ஒரு மண்கட்டியைக் கையில் எடுத்தாள். நாற்று நட்டு, கிணறு வெட்டுக்கு மண் சுமந்து, பாதி ஆயுசு மண்ணிலேயே கிடந்த கை அது. ஒருதரம் வெட்டி மூடின மண் எத்தனை வருஷம் ஆனாலும் கலந்து கிடக்கும், மேல்மண்ணும் அடிமண்ணும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். இது அப்படி இல்லை. மேலே கறுப்பு, அதற்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே சுக்கான் கல். வரி வரியாக, வைத்தது வைத்தபடி இருந்தது. கட்டியை உடைத்தாள். குழியின் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"இது யாரும் தொடாத மண்ணு" என்றாள்.

அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"எது?" என்றாள், அன்றைக்குக் கேட்ட மாதிரியே.

"தெர்ல கனகம். தகரம் வச்சிட்டு வந்தேன். மூணா நாளு வந்து பாத்தா தகரம் இல்ல. எனக்குத் தெர்ல."

அவள் அழவில்லை, ஏசவில்லை. இடுப்பிலிருந்த துணியை இறுக்கிச் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்கும் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். பேச்சு மட்டும் நின்றுபோனது.

மறுநாளிலிருந்து முனிரத்தினம் தோண்ட ஆரம்பித்தான். ஷிப்ட் முடிந்தால் நேராகக் கேம்ப் மேடு. ஒவ்வொரு தளத்துக்கும் நாலு பக்கமும் ஓரத்தில் விட்டு விட்டு வெட்டிப் பார்ப்பான். ரொம்ப ஆழம் போகவேண்டாம், ஒரு முழம் போனாலே மண் வரியாக இருக்கிறதா, கலந்து கிடக்கிறதா என்று தெரிந்துவிடும். கனகம் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் அவனுக்கு வழி. வரியாக இருந்தால் மூடிவிட்டு அடுத்த இடம். வேலை நாளில் ஒன்று, லீவு நாளில் ரெண்டு தளம் என்று போனால் மிஷின் வருவதற்குள் முடித்துவிடலாம்.

ஒன்பது தளம் முடித்தான். அப்போதுதான் மெர்சி ஆடு ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள்.

"இன்னாண்ணா தேடுற?"

"ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லாததுக்கா இம்மாங் குழி? எங்கிட்ட சொல்லக்கூடாதா? நான் யாராண்ட சொல்லப்போறேன்."

சிரித்து மழுப்பினான். சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால், இருபத்தேழு வருஷம் வெறும் மண்ணுக்குப் பால் ஊற்றினாள், தாவணி வைத்தாள் என்று ஊர் கனகத்தைப் பேசும். தன்னைப் பொய்யன் என்றால் என்றுவிட்டுப் போகட்டும், அவளைப் பார்த்து எவளும் உச்சுக்கொட்டக் கூடாது. அதற்காக வாயை மூடிக்கொண்டான். அவன் சொல்லாததை ஊர் சொல்லிக்கொண்டது.

ஒரே ராத்திரியில், முனிரத்தினத்துக்கு மிலிட்டரிக்காரன் போட்ட மேப் கிடைத்திருக்கிறது என்று பேச்சாகிவிட்டது. மறுநாள் அவன் ஷிப்ட் முடித்து வந்தால் மேட்டில் தேர் பார்க்கிற மாதிரி கூட்டம். எங்கே பார்த்தாலும் கடப்பாரை, மண்வெட்டி. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிற அருள்பாண்டிகூட நைட் ஷிப்ட் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருந்தான்.

"அண்ணே, எந்தப் பக்கம்னு மட்டும் கைய காட்டுங்கண்ணே. தோண்டுறது நம்ம பொறுப்பு."

"வுட்டுருங்கப்பா. இங்க ஒண்ணும் இல்ல. சத்தியமா ஒண்ணும் இல்ல" என்று ஒவ்வொருத்தனிடமும் போய்க் கும்பிட்டான். இல்லை என்று அவன் சொல்லச் சொல்ல அவர்களுக்கு நம்பிக்கை கூடியது. "பாரு, எப்பிடிப் பதறுறான்" என்றார்கள்.

நாலு நாள் தோண்டினார்கள். மெர்சி வீட்டுக்காரனும் தோண்டினான். துருப்பிடித்த போல்ட்டும் ரெண்டு பீங்கான் சில்லும் கிடைத்தன. சலித்துப்போய்க் கலைந்தார்கள். எல்லாரும் போன பிறகு முனிரத்தினம் பத்தாவது தளத்தில் குந்தி மண்ணைத் தொட்டுப் பார்த்தான். கலந்து கிடந்தது. பதினொன்றுக்குப் போனான், பன்னிரண்டுக்குப் போனான். எங்கே கை வைத்தாலும் கலந்த மண். அவனுக்கு இருந்தது அந்த ஒரு அடையாளம்தான், அதையும் ஊர் கலைத்துவிட்டது. தகரத்தை எடுத்துப் போனதும் இதே ஊர்தான். ரெண்டும் தெரியாமல் செய்தது, யாரைப் போய்த் திட்டுவான்.

அன்றைக்கு லோகேஷ் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகச் சண்டைக்கு வந்தான்.

"லைன்ல எல்லாரும் ஓட்டுறானுங்கப்பா. ட்ரீட் எப்போன்றானுங்க. சூப்பர்வைசர் வரிக்கும் தெரிஞ்சிபோச்சு. வுட்டுருப்பா, அசிங்கமா கீது."

"அக்கா அங்க இல்லடா" என்றான் முனிரத்தினம்.

"எங்க இல்ல?"

"வேப்பமரத்தாண்ட இல்ல. நான் சும்மா காட்டினேன்."

லோகேஷ் ஷூவைக் கழற்றாமலே கீழே உட்கார்ந்தான். மறுநாள் ஓ.டி. வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கிருந்தோ ஒரு மணல் சல்லடையைக் கொண்டுவந்தான். ஊர் தோண்டிப் போட்ட குவியலையெல்லாம் அப்பனும் பிள்ளையும் சலித்தார்கள். பாதிகூட முடியவில்லை, மாசி பிறந்துவிட்டது.

மிஷின் ஓட்ட வந்தவர் பேர் திருமலை, வந்தவாசிப் பக்கத்துக்காரர். முனிரத்தினம் அவரிடம் மட்டும் சொன்னான். வெளியூர்க்காரர், சொன்னால் ஊருக்குள் வராது.

"எம்பொண்ணு இங்க எங்கியோ கீது சார். கறுப்பு வளையலு, இத்தினிக்கூண்டு. கண்ணுல பட்டா நிறுத்துங்க."

திருமலை இன்ஜினை அணைத்தார். "வயசு என்னங்க?"

"பதினேழு நாளு."

"நீங்க பக்கெட்டாண்டயே நில்லுங்க. மெதுவாவே அள்ளுறேன்."

ரெண்டு நாள் அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு வாளியாக அள்ளித் தரையில் வைப்பார், முனிரத்தினம் கையால் துழாவுவான், பிறகுதான் லாரியில் ஏறும். மூன்றாம் நாள் சைட் சூப்பர்வைசர் வந்து, அறுபது லோடு போகவேண்டிய இடத்தில் பத்துப் போகிறதே என்று கத்தினான். வெளியாள் உள்ளே நிற்கக்கூடாது என்று இவனை வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷமாகக் கம்பெனி கேட்டில் நின்று, வெளியே போகிற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து அனுப்பினவன் அவன். அந்த லாரிகளைத்தான் அவனால் நிறுத்த முடியவில்லை.

தளம் உடைகிற சத்தம் ஊருக்குள் கேட்டது. ஆறு மாசத்துக்குப் போட்ட தளம், எண்பது வருஷம் கிடந்தது, பதினொரு நாளில் போய்விட்டது. வேப்பமரத்தைச் சாய்த்த அன்றைக்குக் கனகம் வாசலுக்கு வந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். அடியில் ஒன்றுமில்லை என்று தெரியும், இருந்தாலும் நின்றாள்.

கடைசி லாரி போன மறுநாள் முனிரத்தினத்துக்கு வாராந்திர லீவு. காலை பத்து மணி இருக்கும். லோகேஷ் வேலைக்குப் போய்விட்டான். இவன் நடுவீட்டில் சுவரில் சாய்ந்திருந்தான். கனகம் வாசல்படிக்கு உள்ளே உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் வாரிட்டாங்க" என்றான். பதில் வராது என்று தெரியும், முப்பத்தெட்டு நாளாக வரவில்லை. சுவருக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். "தண்டலத்தாண்ட ஏதோ பள்ளத்த ரொப்புறாங்களாம். திருமலை சொன்னாரு. நம்ம மேட்டு மண்ணத்தான் கொட்டி வச்சிக்கீறாங்களாம், இன்னும் பரப்பலியாம்."

அரிசியில் அவள் கை நின்றது.

"கொட்டி வச்சிக்கீறானுங்களா?"

முப்பத்தெட்டு நாள் கழித்து அவள் குரல். அவன் தலையை ஆட்டினான்.

"அப்போ நீ இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு கீற?"

"கெடைக்காது கனகம். மல மாரி கெடக்குமாம். நான் ஒரு ஆளு."

"கெடைக்குமான்னு நான் கேக்கல" என்றாள். அரிசித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு பேசினாள். "நீ தூக்கிக்கினு போனப்ப நான் கூட வரல, வுடமாட்டேன்னுட்டாங்க. அப்புறம் இருவத்தேழு வருசம் யாரும் இல்லாம அங்க கெடந்துது, நான் வேற எங்கியோ போயி குந்தினு பேசினு இருந்தேன். இப்ப லாரில ஏறி ஊர் தெரியாத ஊருக்குப் போயிருக்குது. யாருனா ஒருத்தர் கூட இருக்க வேணாமா?"

முனிரத்தினம் எழுந்தான். முட்டி பிடித்துக்கொண்டது, சுவரைத் தொட்டு நிமிர்ந்தான். கனகம் படியை மறித்திருந்த அரிசிப் பாத்திரத்தை ஒரு பக்கமாக நகர்த்தி வழிவிட்டாள். அவன் தாண்டி வெளியே போய், வாசலில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டான்.